மணலில் தொடங்கிய பவளத் தொட்டி

சாப்பாட்டு மேசையில் இரண்டு சிறு தட்டுகள். ஒன்றில் என் மகளின் செருப்பிலிருந்து தட்டிய, சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணல். இன்னொன்றில், வீட்டில் பவளம் வளர்க்கும் என் உப்புநீர்த் தொட்டிக்காகக் கடையில் வாங்கிய பவள மணல், ஒரு சிட்டிகை. இரண்டிலும் நாலு சொட்டு வினிகர் விட்டேன். செருப்பு மணல் நனைந்தது, அவ்வளவுதான். ஓரிரு சிப்பித் துணுக்கில் மட்டும் குமிழி வந்தது. கடை மணல் சுர்ரென்று பொங்கியது. குனிந்து காதை வைத்தால் சோடா திறந்த மாதிரி சத்தம்.

மாமா, அதாவது என் மாமனார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது சுண்ணாம்புல்லாம்மா!" என்றார்.

அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் அவர்தான், "கடல் மண்ணு எல்லாம் கடல் மண்ணுதானே, பீச்சுல ஒரு வாளி அள்ளிட்டு வந்தா ஆகாதா? இதுக்குப் போயி நாப்பது வெள்ளியா?" என்று கேட்டவர். மாமா தூத்துக்குடிக்காரர். சின்ன வயதில் அங்கே கடலுக்குள்ளிருந்து பவளப்பாறையை வெட்டி வந்து சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியதைப் பார்த்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற 2 தீவுகள் மூழ்கிப்போனதற்கு அப்படிப் பாறை வெட்டியதும் ஒரு காரணம். அந்தப் பாறையும் இந்த மணலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். ஈஸ்ட் கோஸ்ட் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிகா. அந்தக் கரையே 1966இல் தொடங்கிய நில மீட்பில் உருவானது. பூங்காவிலிருந்து மணல் அள்ளுவது தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, தொட்டிக்கு அது உதவாது.

இது நான் இரண்டாவது முறை மணல் வாங்கிய நாள். முதல் முறை வாங்கியது தவறான மணல். அதை வெளியே எடுக்க எனக்கு 6 வாரம் ஆயிற்று, ஒரு உயிரும் போயிற்று. சிங்கப்பூரில் முதல் பவளத் தொட்டி வைக்கப்போகும் யாருக்காவது அந்த 6 வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாரும் விளக்கிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான். நீல வெளிச்சத்தில் பவளம் ஜொலிப்பதைக் கடையில் பார்த்துவிட்டு, தொட்டி வாங்கும் முன்பே 450 வெள்ளிக்கு ஒரு எல்இடி விளக்கு வாங்கிவிட்டேன். ஆனால் விளக்கு என்பது பிளக்கைப் பிடுங்கினால் கையோடு வந்துவிடும் சாமான். பிடிக்கவில்லையா, கரோசல் இணையச் சந்தையில் போட்டு விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பம்ப்பும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் அப்படித்தான். மணல் அப்படியில்லை. அதன்மேல் பாறை, பாறைமேல் பவளம், நடுவில் மீன், எல்லாவற்றிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. பின்னால் மாற்ற முடியாதவற்றுக்குத்தான் முதலில் நேரம் கொடுக்க வேண்டும். தொட்டியை எங்கே வைப்பது, எப்படிக் குளிர்விப்பது, என்ன தண்ணீர், என்ன மணல், பாறையை எப்படி அடுக்குவது. விளக்கு இவற்றுக்கு அப்புறம்தான்.

என்னுடையது 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி. கணக்குப்படி 121 லிட்டர். முதல் முறை நான் போட்டது உடைத்த பவளக் கல், 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு. நம் அடுக்களைக் கணக்கில் சொன்னால் ஒவ்வொரு துண்டும் ஒரு உளுந்து அளவு. கடையில் "இதுதான் சுத்தம் செய்ய எளிது" என்றார்கள். கையில் அள்ளினால் வெள்ளை வெளேரென்று சிப்பியும் கிளையுமாக அழகாகவே இருந்தது.

உளுந்துக் குவியலில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? இடுக்கெல்லாம் இறங்கும். மீன் சாப்பிடாமல் விட்ட தீனியும் மீனின் கழிவும் அப்படியே அந்த இடுக்குகளில் இறங்கித் தங்கிவிட்டன. மேலே பார்த்தால் சுத்தம். மூன்றாவது மாதம், இந்தக் கழிவு சிதைந்து உண்டாகும் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு ஏறியது. தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் இறங்கும், பிறகு பழையபடி ஏறும். முன்கண்ணாடி வழியாக அடுக்கைப் பார்த்தால் நடுவில் பழுப்பு, அடியில் ஆங்காங்கே கறுப்பு. அந்தக் கறுப்பில் குழாயை வைத்து உறிஞ்சியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. ஆக்சிஜன் எட்டாத இடத்தில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அது, மீனுக்கு விஷம்.

இதை ஒரே நாளில் எடுக்கக் கூடாது என்று படித்திருந்தேன். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது 16 மில்லிமீட்டர் குழாயால் ஒரு பட்டை அகலத்துக்கு மட்டும் உறிஞ்சி எடுத்தேன். ஐந்து வாரம் ஒழுங்காகப் போயிற்று. ஆறாவது வாரம் பின்மூலையில் கொஞ்சம்தான் பாக்கி. மறுநாள் காலை வேலை இருந்ததால் கையை விட்டுக் கிளறி ஒரேயடியாக எடுத்துவிட்டேன். தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் என் மகள் பெயர் வைத்து வளர்த்த கிளீனர் இறால் பக்கவாட்டில் கிடந்தது. அவளிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்ததை நான் மறக்கவில்லை.

சரி, அப்படியானால் எந்த மணல்? ரவை மாதிரி அரை மில்லிமீட்டர் அளவில் ஒன்று உண்டு. பார்க்க மிக அழகு, ஆனால் பவளத்துக்கு வேண்டிய நீரோட்டத்தைக் கொடுத்தால் பறக்கும். ஒரு பக்கம் கண்ணாடி தெரியும், மறுபக்கம் மேடு கட்டும், பவளத்தின்மேல் மணல் படிந்து அது வாயைத் திறக்காது. கடுகு அளவில், 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை, இன்னொன்று உண்டு. ஓட்டத்துக்கு ஓரளவு நிற்கும், அழுக்கு மேலேயே தங்கும், நத்தையும் கோபி மீனும் அதைக் கிளற முடியும். முதல் தொட்டிக்கு இதுதான் என் தேர்வு. மணலே போடாமல் வெறும் கண்ணாடியாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். நிறைய நீரோட்டம் கேட்கும் கிளைப் பவளங்களை வளர்ப்பவர்களுக்கு அது நல்ல வழி. எனக்கு மணலில் வாழும் உயிர்கள்மேல் ஆசை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

உயரம் 3 சென்டிமீட்டர். 60ஐயும் 45ஐயும் 3ஐயும் பெருக்கினால் 8.1 லிட்டர் மணல், எடையில் சுமார் 12 கிலோ. பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு ஆழமான மணல் படுகை போட்டு அதிலேயே நைட்ரேட்டைக் குறைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதைக் கிளறாமல் வருடக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், புதியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். மோசமானது இரண்டுக்கும் நடுவில், நான் முதலில் போட்டது போன்ற 5, 6 சென்டிமீட்டர். மேலோட்டமாகச் சுத்தம் செய்யவும் முடியாது, ஆழப் படுகையின் பயனும் கிடைக்காது.

பவள மணல் பிஹெச்சைத் தூக்கிப் பிடிக்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வினிகரில் பொங்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தொட்டித் தண்ணீரின் பிஹெச் 8க்கு மேல். அந்த நிலையில் மணல் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கால்சியம் ரியாக்டரில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி 6.5 வரை இறக்கினால்தான் அது கரைந்து கால்சியம் தருகிறது. மணலை நம்பி காரத்தன்மையை அளக்காமல் விட்டால் பவளம் வாடும். நான் வாரம் ஒருமுறை அளக்கிறேன்; 8 முதல் 9 டிகேஹெச்சுக்குள் (காரத்தன்மையை அளக்கும் அலகு) இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஓடும் தொட்டியில் மணல் போட ஒரு சின்ன உத்தி. உலர்ந்த மணலை வாளியில் போட்டு, அரிசி களைவது போல, கழுவின தண்ணீர் தெளியும் வரை களையுங்கள். எனக்குப் பதினோரு தண்ணீர் ஆயிற்று. கடைசித் தண்ணீர் ஆர்ஓவாக, அதாவது நுண்சவ்வு வழியாக வடிகட்டியதாக, இருக்கட்டும். அப்புறம் ஒரு பிவிசி குழாயைத் தொட்டியின் அடி வரை நிறுத்தி, அதன் வழியாகக் கோப்பை கோப்பையாக இறக்குங்கள். தண்ணீர் அதிகம் கலங்காது. இன்னொன்று, பாறை எப்போதும் கண்ணாடித் தரையில் நிற்க வேண்டும், மணல் அதைச் சுற்றி வர வேண்டும். மணல்மேல் பாறையை வைத்தால் கோபியும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டி ஒருநாள் பாறையைச் சாய்த்துவிடும்.

இனி வெப்பம். இங்கே வேறு எதையும்விட இதுதான் முதல் எதிரி. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை எடுத்தால் ஹீட்டர் வாங்கச் சொல்லும். நம் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் பகலில் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரிக்குப் போய்விடும், பம்ப்பும் விளக்கும் சூட்டைக் கூட்டும். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. கடலிலேயே வழக்கமான உச்சத்தைவிட 1 டிகிரி கூடி சில வாரம் நீடித்தால் பவளம் தன் உடம்பிலுள்ள பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்குகிறது. சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் அது பெரிய அளவில் நடந்தது.

முதலில் விசிறி வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், அதனால் விசிறி வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் நம் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல், காற்றுக்கு மேலும் ஈரம் வாங்க அதிக இடமில்லை. என் தொட்டியில் 2 டிகிரிதான் இறங்கியது. தினம் 2, 3 லிட்டர் குறையவும் செய்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர்தான், உப்புத் தண்ணீர் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தானாக நிரப்பும் சாதனம் ஒன்று தேவை. அதன் தண்ணீர்த் தொட்டியைச் சிறிதாக வையுங்கள். சென்சர் பழுதானால் மொத்தமும் உள்ளே போய்விடும், சிறிதாக இருந்தால் சேதமும் சிறிது.

அப்புறம் தண்ணீரைக் குளிர்விக்கும் 1/10 ஹெச்பி சில்லர் வாங்கினேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று தொட்டியின் கீழ் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். 26க்கு வைத்தேன், திரையில் இரவெல்லாம் 29. இயந்திரம் நிற்கவே இல்லை. அலமாரிக் கதவைத் திறந்தபோது இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி சூடு முகத்தில் அடித்தது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற வெப்பத்தை வெளியே ஊதுகிறது. வெளியே என்பது அலமாரி என்றால், அதையே திரும்ப இழுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெளியே வைத்தேன், அன்று மாலையே 26க்கு இறங்கியது. என்னுடையது 150 வாட். இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 32 வெள்ளி. இப்போது நாளுக்குப் பத்து மணி நேரம்தான் ஓடுகிறது, மாதம் பதின்மூன்றரை வெள்ளி. தொட்டி வாங்கும் முன்பே சில்லருக்கு இடம் ஒதுக்குங்கள். வெயில் விழும் சன்னல் பக்கம் தொட்டியை வைக்காதீர்கள்.

எடையையும் அப்போதே பாருங்கள். வீவக வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. என் சிறிய தொட்டியே தண்ணீர், கண்ணாடி, பாறை, மேசை, அடித்தொட்டி எல்லாம் சேர்ந்து 200 கிலோவை நெருங்குகிறது. அறை நடுவில் வைக்காமல் உத்தரத்தை ஒட்டிச் சுவரோரம் வைத்திருக்கிறேன். நாலடித் தொட்டி என்றால் ஒரு பொறியாளரிடம் கேட்காமல் வைக்க எனக்குத் துணிவு வராது.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் பலர் ஒரே தவறைச் செய்கிறோம். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் விட்டால் குளோரின் போய்விடும் என்று நினைக்கிறோம். இங்கே குழாய்நீரில் இருப்பது குளோரமின், அது அப்படிப் போகாது. கார்பன் வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, கடைசியில் மிச்சமுள்ள அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் என்று மூன்றையும் கடந்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டினால்தான் நான் உப்பு கலக்கிறேன். ஆர்ஓ கழித்துவிடும் தண்ணீரில் வீடு துடைக்கிறேன், செடிக்கு ஊற்றுகிறேன். 20 லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ உப்பு. தனி வாளியில் சின்ன பம்ப் வைத்து நன்றாகக் கரைந்த பிறகே தொட்டிக்கு. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவமும் சேர்த்து வாங்குங்கள். நான் முதலில் வைத்திருந்த முள் அசையும் பிளாஸ்டிக் மானியில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மாறிப்போகும்.

ஸ்கிம்மர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் குறைவானதாகப் பாருங்கள், படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அது இருக்கப்போகிறது. நீரோட்டத்துக்குப் பெரிய பம்ப் ஒன்றைவிடச் சிறியவை இரண்டை எதிரெதிரே வைப்பது மணலுக்கும் நல்லது. விளக்கைப் பொறுத்தவரை, காளான் பவளம், சோவந்தஸ், ஹேமர் போன்ற பவள வகைகளுக்கு மிதமான வெளிச்சமே போதும். என் 450 வெள்ளி விளக்கு இன்றுவரை பாதி அளவில்தான் எரிகிறது.

மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்புத் தண்ணீர் வயர் வழியாக ஊர்ந்து போய் வெள்ளைப் பொரி மாதிரி படியும். எனக்கு அது அலமாரிக்குள் இருந்த நீட்டிப்புச் சாக்கெட் வரை போய், ஒரு மதியம் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) விழுந்துவிட்டது. மாமா தூங்கிக்கொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து வந்தபோது மணி ஆறு, மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து நின்றன. ஆர்சிசிபி தன் வேலையைத்தான் செய்தது, அது இல்லாவிட்டால் மாமாவோ மகளோ மின்சாரம் கசிந்த தண்ணீரில் கை வைத்திருக்கலாம். இப்போது சாக்கெட்டுகள் அலமாரிக்கு வெளியே, உயரத்தில். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி அப்புறம் மேலே ஏறுகிறது. வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி காற்று பம்ப்பும் ஒன்று இருக்கிறது.

தொட்டி ஓடத் தொடங்கி 4 முதல் 6 வாரம் வரை அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கும். அதற்குள் புது மணல் முழுக்கப் பழுப்புப் பொடி தூவியது போல ஆகும். டயாட்டம் பாசி அது. அதைப் பார்த்துப் பயந்து மணலை மாற்றாதீர்கள், வந்த மாதிரியே போய்விடும். சோவந்தஸ் வகைப் பவளங்களைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியில் வரும் நஞ்சு வீட்டிலுள்ள அத்தனை பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடியது.

பவளம் வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, அனுமதியின்றி எல்லை தாண்டக் கூடாது. பண்ணையில் துண்டு வைத்து வளர்த்ததாகக் கிடைத்தால் அதையே வாங்குகிறேன். மாமா பார்த்த சூளைகளைப் பற்றிக் கேட்ட பிறகு இது எனக்கு வெறும் சட்டமாகத் தெரியவில்லை.

புது மணல் போட்டு 7 மாதம் ஆகிறது. நைட்ரேட் பத்தைத் தாண்டவில்லை. இடது மூலையில் ஒரு மஞ்சள் கோபியும் ஒரு பிஸ்டல் இறாலும் சேர்ந்து வளை தோண்டி வாழ்கின்றன. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வேலை செய்யும்போது ஒரு மீசையைக் கோபியின்மேல் வைத்தபடியே இருக்கும். கோபி வாலை ஒரு துடி துடித்தால் உடனே உள்ளே ஓடிவிடும். மாமா தினம் மாலை நாற்காலியை இழுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "எப்பப் பாத்தாலும் மண்ணு சுமக்கான், ஓய்வே கிடையாது" என்கிறார். அந்த மூலையில் மட்டும் 3 சென்டிமீட்டர் மணல் 5 ஆகக் குவிந்திருக்கிறது. நிரவலாம் என்று போன வாரம் குச்சியை எடுத்தேன். "அத வீட்டக் கலைக்காதம்மா" என்று மாமா என் கையிலிருந்து குச்சியை வாங்கி வைத்துவிட்டார்.